ரே ரியர்டனின் சேஃப்டி: அப்படி என்னதான் செய்தார்?

நீலப்பந்து கேட்டது:

வணக்கம் நண்பர்களே. 2024 ஜூலை 19 அன்று, 91 வயதில், ஸ்நூக்கர் ஆட்டக்காரர் ரே ரியர்டன் காலமானார். அதிலிருந்து அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்கிறார்கள்: ஆறு முறை உலகச் சாம்பியன், சேஃப்டியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆறு என்பது கணக்கு, அதில் கேள்விக்கு இடமில்லை. இரண்டாவதுதான் புரிபடவில்லை.

சேஃப்டி என்றால் எதிராளிக்கு எளிதாக எதுவும் கிடைக்காதபடி ஆடும் தற்காப்பு அடி: சிவப்பை லேசாகத் தொட்டு, வெள்ளையை மேல் குஷன் (கறுப்புப் பந்து இருக்கும் பக்கத்து விளிம்பு) வரை கொண்டுபோய், திரும்ப பால்க்கில் (எதிர்முனையில் கோடு போட்ட பகுதி) நிறுத்துவது. இதை இன்று எல்லாத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் செய்கிறார்களே? அவருடையதில் தனியாக என்ன இருந்தது? பழைய காட்சிகளில் கண்ணில் படுவது வாரிவிட்ட கறுப்பு முடி, கோரைப்பல் தெரியும் அந்தச் சிரிப்பு, சாவகாசமான நடை, அவ்வளவுதான். அந்த முடிக்கும் பல்லுக்கும்தான் ‘டிராகுலா’ என்ற செல்லப்பெயரே வந்ததாம்.

இன்னும் மூன்று கேள்விகள். தனியாக ஒரு மணி நேரம் டேபிள் கிடைத்தால் இந்த ஆட்டத்தை எப்படிப் பழகுவது? 2004-இல் ரானி ஓ'சல்லிவனுக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்தார்? சேஃப்டி ஆடுகிறவர்களை ‘அறுவை’ என்று ஒதுக்கும் ரசிகர்கள் இவரை மட்டும் எப்படி இவ்வளவு நேசித்தார்கள்?

---

பழைய_ஃப்ரேம் எழுதியது:

நல்ல கேள்வி. ஆறு என்பது கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அவர் வென்ற இறுதியாட்டங்கள் இவை: 1970-இல் ஜான் புல்மனை 37–33. 1973-இல் எடி சார்ல்டனை 38–32. 1974-இல் கிரஹாம் மைல்ஸை 22–12. 1975-இல் மறுபடியும் சார்ல்டனை 31–30. 1976-இல் அலெக்ஸ் ஹிக்கின்ஸை 27–16. 1978-இல் ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் பெரி மான்ஸை 25–18.

இன்றைய உலக இறுதியாட்டத்தில் 18 ஃப்ரேம் (தனித்தனிச் சுற்று) எடுத்தால் கோப்பை. 1973-இல் 38 எடுக்க வேண்டும். ஒரே எதிராளியுடன் நாள்கணக்கில் ஆடுகிற ஆட்டம் அது. ஒரு நல்ல செஷன் ஆடித் தப்பித்துவிட முடியாது. அந்த இறுதியில் முதல் செஷன் முடிந்தபோது சார்ல்டன் 7–0 என்று முன்னால் இருந்தார். அதற்கு முந்தைய அரையிறுதியிலேயே ரியர்டன் ஜான் ஸ்பென்சரிடம் 23–22 என்று கடைசி ஃப்ரேமில்தான் தப்பி வந்திருந்தார்.

1975 இன்னும் கடுமை. ஆட்டம் நடந்தது ஆஸ்திரேலியாவில், சார்ல்டனின் சொந்த மண்ணில். சார்ல்டன் 29–23. இன்னும் இரண்டே ஃப்ரேம் எடுத்தால் அவர் சாம்பியன். அங்கிருந்து ரியர்டன் வரிசையாக ஏழு ஃப்ரேம் எடுத்து 30–29 ஆக்கினார். சார்ல்டன் விடவில்லை, 30–30. கடைசி ஃப்ரேம் ரியர்டனுக்கு. இத்தனைக்கும் சார்ல்டன் லேசில் வழுக்குகிற ஆள் இல்லை. சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) அதிகம் சேர்க்காமல், நேர் அடியிலேயே நின்று ஆடுகிறவர். அப்படிப்பட்டவரிடம் ஏழு ஃப்ரேம் தொடர்ந்து எடுக்க பாட் (பந்தைப் பையில் விழவைப்பது) மட்டும் போதாது. அவர் டேபிளுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் அவருக்கு எடுக்க ஒன்றும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருடைய வாழ்க்கையைத்தான் காட்ட வேண்டும். 1932 அக்டோபர் 8 அன்று வேல்ஸில் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். 14 வயதில் அப்பாவைப் போலவே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். க்யூ (ஆடும் கோல்) பிடிக்கிற கை கெட்டுவிடக் கூடாது என்று வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கரி வெட்டினார். பிறகு குடும்பம் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கேயும் சுரங்க வேலைதான். ஒருநாள் மேற்கூரைப் பாறை சரிந்து மூன்று மணி நேரம் உள்ளே புதைந்து கிடந்தார். உடம்பை அசைக்க வழியில்லை. பதறாமல் இருக்க, தம்பியுடன் கோலிக்குண்டு ஆடுவதாக மனசுக்குள்ளேயே ஆட்டம் ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு சுரங்கத்தை விட்டுப் போலீஸ் வேலைக்குப் போனார். 1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு முறை வேல்ஸ் அமெச்சூர் சாம்பியனாக இருந்தவர், 1964-இல் இங்கிலாந்து அமெச்சூர் பட்டத்தையும் எடுத்தார். தொழில்முறைக்கு வந்ததோ 1967-இல், 35 வயதில். அவருடைய ஆறு உலகப் பட்டங்களும் அதற்குப் பிறகு வந்தவை. 1976-இல் தரவரிசை என்று ஒன்று முதன்முதலாக வந்தபோது அதில் முதலிடமும் அவருக்குத்தான்.

---

பால்க்கோடு எழுதியது:

பழைய_ஃப்ரேம் அண்ணன் வரலாற்றைச் சொல்லிவிட்டதால் நான் நேரே அடிக்கு வருகிறேன்.

எல்லோரும் வெள்ளையை பால்க்குக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது சரி. எங்கே நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஆடும் பரப்பின் நீளம் 3569 மி.மீ., அகலம் 1778 மி.மீ. பால்க் கோடு கீழ்க் குஷனிலிருந்து 737 மி.மீ. அந்த 737-க்குள் எங்கே நின்றாலும் ‘சேஃப்டி ஆயிற்று’ என்று நினைப்பவன் சாதாரண ஆட்டக்காரன். கோட்டை ஒட்டி நின்றால் எதிராளி கையை டேபிளில் நன்றாக ஊன்றி முழு ஸ்ட்ரோக் அடிக்கலாம். அதையே கீழ்க் குஷனை ஒட்டி நிறுத்தினால் அவருக்குப் பந்தின் மேல்பகுதி மட்டும்தான் கிடைக்கும். விரல்களை குஷன் விளிம்பில் வைத்து, க்யூவின் பின்பக்கத்தைத் தூக்கி அடிக்க வேண்டும். ஸ்க்ரூ (வெள்ளையைப் பின்னோக்கி இழுக்கும் சுழற்சி) கிடையாது. டிப் (க்யூவின் நுனி) ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை வளைந்து ஓடும். ரியர்டன் எதிராளிக்கு வைத்த வெள்ளை பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: வேகத்தின் அளவு, தொடுகையின் தடிமன். இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும். ஒன்றாகப் பழகினால் எதில் தப்பு நடந்தது என்றே தெரியாது.

முதலில் வேகம். டேபிளில் வெள்ளை மட்டும் இருக்கட்டும். பிரவுன் பந்தின் இடத்தில் (பால்க் கோட்டின் நடுவில்) வைத்து, வெள்ளையின் நடுவில் அடித்து, நேரே மேல் குஷனுக்கு அனுப்புங்கள். அது திரும்பி வந்து கீழ்க் குஷனுக்கு ஒரு சாணுக்குள் நிற்க வேண்டும். போக 2.8 மீட்டர், வர 3.5 மீட்டர், மொத்தம் ஏறக்குறைய 6.3 மீட்டர் ஓட்டம். பத்து அடித்தால் குறைந்தது ஆறு சாணுக்குள் நிற்கும் வரை அடுத்த பயிற்சிக்குப் போகாதீர்கள். இதில் இன்னொரு லாபம் உண்டு. போன கோட்டிலேயே வெள்ளை திரும்பி வராமல் ஒரு பக்கம் விலகி வந்தால், நீங்கள் அறியாமலே சைடு சேர்க்கிறீர்கள் என்று அர்த்தம். பத்தில் மூன்று நான்கு ஒரே பக்கம் விலகினால் குறி பார்க்கும் கோணத்தையோ முழங்கையையோ சரிபார்க்க வேண்டும்.

அடுத்து தொடுகை. பதினைந்து சிவப்பை அடுக்கும்போது கடைசி வரிசையின் வலது கோடியில் நிற்கும் சிவப்பு இருக்கிறதே, அந்த இடத்தில் ஒரே ஒரு சிவப்பை வையுங்கள். வண்ணப் பந்துகளும் அவற்றின் இடத்தில் இருக்கட்டும். வெள்ளை பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில். சைடு வேண்டாம். சிவப்பின் வலது ஓரத்தில் கால் பந்து தொடுகை. பந்தின் விட்டம் 52.5 மி.மீ. என்பதால் வெள்ளையின் மையம் சிவப்பின் ஓரத்துக்கு வெளியே சுமார் 13 மி.மீ. தள்ளிப் போக வேண்டும். சுண்டுவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மேல் குஷன், பிறகு வலது பக்கக் குஷன், அங்கிருந்து டேபிளைக் குறுக்கே வெட்டி, பிரவுனுக்கும் பச்சைக்கும் இடையில் புகுந்து, பச்சைப் பக்கம் கீழ்க் குஷனில் வந்து நிற்கும்.

இது தப்பும் விதங்கள் இவை. வெள்ளை நடு டேபிளில், நீலப் பந்தின் அருகிலேயே நின்றுவிட்டால் வேகம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை ஓங்கி அடிப்பார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை, தடிமனாகத் தொட்டதுதான். அரைப் பந்து தொட்டால் வெள்ளையிடம் ஏறத்தாழ பாதி வேகம்தான் மிஞ்சும். கால் பந்து தொட்டால் முக்கால் வேகம் மிஞ்சும். ஒரே அடியில் இவ்வளவு வித்தியாசம் வருகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளையை அல்ல, சிவப்பை. சிவப்பு நினைத்ததைவிட வேகமாகவும் நேராகவும் மேல்நோக்கி ஓடியிருந்தால் தடிமன்தான் பிரச்சினை, கையில் எதையும் மாற்றாதீர்கள். மாறாக, மெல்லிதாகத் தொட்டால் வெள்ளை வேகம் குறையாமல் போய், வலது பக்கக் குஷனில் படும் இடமும் மாறி, பிரவுனிலோ பச்சையிலோ மோதும். கீழ்க் குஷனில் பட்டு மறுபடி மேலே ஏறிவிடுவதும் உண்டு.

ஒரு தாளில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: வெள்ளை குஷனிலிருந்து எத்தனை சாண், சிவப்பு எந்தப் பையிலிருந்து எத்தனை சாண். வெள்ளை அழகாக நின்று சிவப்பு பைவாயில் தொங்கினால் அது சேஃப்டி இல்லை. ரியர்டன் அடித்த சேஃப்டிகளில் இந்த இரண்டாவது பந்தைப் பாருங்கள். அது கவனிப்பாரற்று எங்கேயோ போய் நிற்பதைக் காண்பது அரிது.

---

மூணுகுஷன் எழுதியது:

பால்க்கோடு சொன்னதோட ரெண்டு விஷயம் சேக்கணும்.

ஒண்ணு சைடு. பிரேக், அதாவது ஃப்ரேமோட முதல் அடி, அடிக்கும்போது வலது சைடு போடுறது ஏன்னா, மேல் குஷன்ல பட்டதும் பந்து வலது பக்கம் இன்னும் அகலமா விரியும், வலது குஷன்ல பட்டதும் அதே சுழற்சி அதைக் கீழ்நோக்கித் தள்ளும். ரெண்டு குஷன்லயும் வேகம் செத்துப்போகாம கொண்டுவந்து சேக்கும். ஆனா புதுசா பழகுறவங்க இங்கதான் சறுக்குவாங்க. வலது சைடு போட்டு வேகமா அடிச்சா வெள்ளை கிளம்பும்போதே கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போகும். சிவப்போட வலது ஓரத்தக் குறி பாக்கும்போது இடது பக்கம் தள்ளினா என்ன ஆகும்? நினைச்சதவிட தடிமனாப் படும். அதே சைட மெதுவா அடிச்சா தூரம் போகப் போக வலது பக்கம் வளைஞ்சு வந்து, சிவப்பையே தொடாமப் போயிரும், ஃபவுல். ஒரே குறி ரெண்டு வேகத்துக்கும் உதவாது. அதனால சைடு இல்லாத அடி பத்துல ஏழு வரட்டும். அப்புறம் அரை டிப் சைடு. அதுக்கு மேல போகவே வேணாம்.

ரெண்டாவது, ஒளிச்சு வைக்கிற கலை. சேஃப்டின்னா எப்பவும் மேலயும் கீழயும் ஓட்டணும்னு இல்ல. பிரவுன் பின்னால வெள்ளைய மெல்ல உருட்டி நிறுத்துறதும் சேஃப்டிதான். இதுல ஒரு கணக்கு இருக்கு. வெள்ளைக்கும் மறைக்கிற பந்துக்கும் மையத்துக்கு மையம் 10 செ.மீ. இருந்தா, மறைப்பு ரெண்டு பக்கமும் 30 டிகிரிக்கு மேல விரியும். மேல இருக்குற சிவப்பு மொத்தமும் மறைஞ்சுரும். அதே 60 செ.மீ. தள்ளி நின்னா ரெண்டு பக்கமும் 5 டிகிரிதான். ஒரு பக்கம் லேசா விலகி எட்டிப் பாத்தா பாதிச் சிவப்பு தெரியும். ஸ்நூக்கர் போட்டேன் (பந்த மறைச்சு வச்சேன்), தப்பிச்சுட்டான்னு நிறையப் பேர் எதிராளியோட அதிர்ஷ்டத்தச் சொல்லுவாங்க. அளந்து பாத்தா மறைப்பே பத்தியிருக்காது.

இந்த ஒட்டி நிறுத்துற அடிக்குப் பயிற்சி சுலபம். பிரவுன அதோட இடத்துல வச்சு, நாலடி மேல இருந்து வெள்ளைய உருட்டி, பிரவுனத் தொட்டு நிக்க வையுங்க. பிரவுன் ஒரு பந்து அகலத்துக்கு மேல நகரக் கூடாது. கை பழகுற வரைக்கும் எண்ணிக்கை வேணாம், கால் மணி நேரம் இதையே செய்யுங்க. க்யூவ பின்னால இழுக்குற தூரத்தக் குறைக்கணும், அடிய குறைக்கக் கூடாது. நீளமா இழுத்துட்டு கடைசில பிரேக் பிடிச்ச மாதிரி அடிச்சா டிப் ஆடும், பந்து கோட்ட விட்டு விலகும்.

---

நீலப்பந்து கேட்டது:

ஐயா, மூவருக்கும் மிக்க நன்றி. 13 மி.மீ. என்று ஒரு அளவு கிடைத்ததே பெரிய விஷயம்.

ஒரு சந்தேகம். கிளப் டேபிள்களில் இதே அடியில் வெள்ளை பால்க் கோட்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. ஓங்கி அடித்தால் தொடுகை கெடுகிறது. துணிதான் காரணமா? அப்படியென்றால் 1970-களின் துணியில் ரியர்டன் எப்படிச் சமாளித்தார்?

---

சாக்கட்டி எழுதியது:

துணியும் காரணம், துணியைப் பராமரிக்காததும் காரணம்.

ஸ்நூக்கர் துணி கம்பளி. அதில் ஒரு திசையில் சாய்ந்த நார் உண்டு. பால்க்கிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் மேலே போகும் பந்து நாரோடு போகிறது, திரும்பி வரும் பந்து நாரை எதிர்த்து வருகிறது. சேஃப்டியில் வெள்ளை களைப்பது எப்போதும் திரும்பும் பயணத்தில்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மெதுவாகக் குறுக்கே ஓடும் பந்தை நார் தன் திசைக்கு, அதாவது கறுப்புப் பக்கத்துக்கு இழுக்கும். பக்கக் குஷனிலிருந்து பச்சைப் பக்கம் வெட்டி வரும் வெள்ளை கடைசி இரண்டடியில் கோடு மாறுவதற்கு இது ஒரு காரணம். டேபிள் மட்டமாக இல்லாததும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்தறிய நாரோடும் நாருக்கு எதிராகவும் இரண்டு பக்கமும் மெல்ல உருட்டிப் பாருங்கள். இரண்டிலும் டேபிளின் ஒரே பக்கத்துக்கு இறங்கினால் டேபிள் சாய்வு.

பராமரிப்பு: தினமும் பிரஷ். எப்போதும் பால்க் முனையிலிருந்து கறுப்பு முனைக்கு, நேர்கோட்டில், ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் நார் கலைந்து, பந்து ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி ஓடும். பிரஷ்ஷுக்குப் பிறகு அதே திசையில் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது, துணி கருகும். குஷன் அடியில் சேரும் சாக்குத் தூளை முதலில் வெளியே இழுத்துவிட்டுத்தான் பிரஷ் போட வேண்டும். சாக்குத் தூள் படிந்த அழுக்குப் பந்து இன்னொன்றில் மோதும்போது ‘கிக்’ (பந்து இயல்பு மாறித் துள்ளுவது) வரும். மெல்லிய தொடுகையை நம்பி ஆடுகிற ஆட்டத்தில் ஒரு கிக் வந்தால் வெள்ளை நடு டேபிளில் நின்று ஃப்ரேமே போய்விடும். ஆகவே பந்தை ஈரமில்லாத சுத்தத் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஈரப்பதமும் சேரும். மழைக்காலத்தில் கம்பளி ஈரம் இழுத்துப் பந்தைப் பிடிக்கும். தொழில்முறைப் போட்டிகளில் டேபிளின் கற்பலகைக்கு அடியில் சூடேற்றி வைப்பதே இதற்காகத்தான். கிளப்பில் அது இருக்காது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் பால்க்கோடு சொன்ன முதல் பயிற்சியை ஐந்து முறை அடித்து, அன்றைய வேகத்தைக் கைக்குச் சொல்லிவிடுங்கள். நேற்றைய கை இன்றைக்கு உதவாது.

ரியர்டன் காலத்துத் துணி இன்றையதைவிடத் தடிமன், நாரும் அதிகம், ஓட்டம் குறைவு. இதன் விளைவு என்னவென்றால், சிவப்புக் கூட்டத்தை ஒரே அடியில் சிதறடித்து நூறு புள்ளி எடுப்பது கடினம். கூட்டம் லேசில் உடையாது. உடையாத கூட்டத்திலிருந்து ஒவ்வொரு சிவப்பாக, ஆபத்தில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும். ரியர்டன் இதில் வல்லவர். சேஃப்டி அடிக்கும்போதே ஒரு சிவப்பைத் தனியாக விலக்கி வைப்பார். அது அப்போது எதிராளிக்கு எட்டாது. இரண்டு மூன்று வருகைக்குப் பிறகு எதிராளி பால்க்கிலிருந்து தப்பிக்க முயன்று வெள்ளையைத் தவறவிடும்போது, அந்தச் சிவப்பு அவருக்குக் காத்திருக்கும். அப்படிக் கிடைத்த வாய்ப்பில் ஐம்பது, அறுபது எடுத்து ஃப்ரேமை முடிப்பார். சேஃப்டி மன்னன் என்று சொல்லும்போது அவருடைய பாட் திறமையை மறந்துவிடுகிறோம். 1969-இல் பிபிசியின் வண்ணத் தொலைக்காட்சிக்காகத் தொடங்கிய ‘பாட் பிளாக்’ போட்டியின் முதல் சாம்பியன் அவர்தான். ஒரே ஒரு ஃப்ரேமில் முடிவாகிற போட்டி அது. பாட் அடிக்கத் தெரியாதவர் அதை வெல்ல முடியாது.

---

பழைய_ஃப்ரேம் எழுதியது:

2004 பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

அப்போது ரியர்டனுக்கு 71 வயது. ஓ'சல்லிவன் 2001-இல் ஒரு முறை உலகப் பட்டம் எடுத்திருந்தார். பாட், தொடர்ந்து புள்ளி சேர்க்கும் பிரேக், வேகம் எதிலும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. ரியர்டன் கொடுத்தது இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே விஷயம்தான்: சேஃப்டியைப் பாட் கிடைக்காதபோது ஆடும் கட்டாய அடியாகப் பார்க்காமல், அதையே தாக்குதலாகப் பார்ப்பது. அந்த ஆண்டு அரையிறுதியில் ஓ'சல்லிவன் ஸ்டீவன் ஹென்ட்ரியை 17–4 என்று வென்றார். இறுதியில் கிரேம் டாட் 5–0 என்று முன்னால் போனார். பழைய ஓ'சல்லிவனாக இருந்தால் அங்கே பொறுமை இழந்திருக்க வாய்ப்பு உண்டு. முடிவு 18–8, ஓ'சல்லிவனுக்கு.

1978-இல் ரியர்டன் கடைசி உலகப் பட்டம் எடுத்தபோது அவருக்கு 45 வயது 203 நாள். மிக அதிக வயதில் உலகச் சாம்பியன் என்ற அந்தச் சாதனை 44 ஆண்டுகள் நின்றது. 2022-இல் அதை முறியடித்தவர் அவரிடம் பாடம் கேட்ட அதே ஓ'சல்லிவன், 46 வயது 148 நாளில். 

எதற்காக நேசித்தார்கள் என்ற கேள்விக்கு என் பார்வையைச் சொல்கிறேன். சேஃப்டி ஆட்டம் அறுவையாவது, ஆடுகிறவர் பயத்தில் ஆடும்போதுதான். பார்வையாளர்களுக்கு அந்தப் பயம் தெரிந்துவிடும். ரியர்டனிடம் அது இல்லை. கஷ்டமான இடத்தில் வெள்ளையை நிறுத்திவிட்டு, அரங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாற்காலிக்குப் போவார். கூட்டத்தோடு பேசுவார், வேடிக்கை சொல்வார். அடுத்து தன் முறை வந்ததும் முகம் மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பார்க்கவே மக்கள் வந்தார்கள். 

தோற்றபோதும் அப்படித்தான். 1982 உலக இறுதியில் ஹிக்கின்ஸுடன் 15–15 வரை வந்தார், 49 வயதில். அடுத்த மூன்று ஃப்ரேமும் ஹிக்கின்ஸுக்கு, கடைசி ஃப்ரேமில் தொடர்ந்து 135 புள்ளி. அன்று அரங்கமே கண்ணீர்விட்ட ஹிக்கின்ஸையும் அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் பார்த்து உருகியது, எல்லோருக்கும் நினைவிருப்பதும் அந்தக் காட்சிதான். அதே ஆண்டு அக்டோபரில், 50 வயது முடிந்து 14 நாளில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் போட்டியின் இறுதியில் ஜிம்மி வைட்டை 10–5 என்று வென்றார் ரியர்டன். வைட்டுக்கு அப்போது 20 வயது. 1982 என்றால் ஹிக்கின்ஸின் கண்ணீர் மட்டும் பேசப்படுவதும் இது பேசப்படாததும் எனக்குக் குறையாகவே படுகிறது.

---

மூணுகுஷன் எழுதியது:

அண்ணே, நல்லாச் சொன்னீங்க. டெரி கிரிஃபித்ஸ், டக் மவுன்ட்ஜாய் ரெண்டு பேரோட சேந்து 1979-லயும் 1980-லயும் வேல்ஸுக்கு உலக அணிப் பட்டம் வாங்கிக் குடுத்ததையும் சேத்துக்கணும். அந்த மூணு பேருமே இப்ப இல்ல. கிரிஃபித்ஸும் அதே 2024 டிசம்பர் 1-ல போயிட்டாரு. ஒரே வருஷத்துல ரெண்டு பேர். இப்ப வெல்ஷ் ஓப்பன் ஜெயிக்கிறவங்க கையில தூக்குற கோப்பைக்கு ரே ரியர்டன் பேர்தான்.

---

நீலப்பந்து கேட்டது:

கடைசியாக ஒன்று. கிடைக்கிற பழைய காட்சிகளில் இதையெல்லாம் எப்படிக் கவனிப்பது? கேமரா பெரும்பாலும் பாட் விழுவதைத்தான் காட்டுகிறது.

---

பால்க்கோடு எழுதியது:

1982 இறுதியின் பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். ஹிக்கின்ஸ் கிடைத்ததையெல்லாம் அடித்துப் பார்க்கிற ஆள் என்பதால் ரியர்டன் வைக்கிற இடங்களின் அருமை அதில் நன்றாகத் தெரியும்.

ஒலியை நிறுத்திவிடுங்கள். ரியர்டனின் அடி முடிந்து வெள்ளை நின்றவுடன் காட்சியை நிறுத்துங்கள். தாளில் ஒரு செவ்வகம் வரைந்து, பால்க் கோடு போட்டு, வெள்ளை நின்ற இடத்தில் ஒரு புள்ளி. அந்த அடியில் நகர்ந்த சிவப்பு நின்ற இடத்தில் ஒரு சிறு வட்டம். பிறகு, எதிராளி என்ன அடித்தார் என்று பார்க்கும் முன், அந்த இடத்திலிருந்து நீங்கள் என்ன அடிப்பீர்கள் என்று அம்புக்குறி போடுங்கள். அதன் பிறகே காட்சியை ஓடவிட வேண்டும். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு தாள். ஐந்து தாள் சேர்ந்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று தெரியும். உங்கள் கிளப் ஆட்டத்துக்கும் யாரையாவது இதே மாதிரி ஐந்து தாள் போடச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். தாள்களைப் படம் எடுத்து இங்கே போட்டால், எந்த அடியில் தடிமன், எந்த அடியில் வேகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்க்கலாம்.